பெண்ணையாற்றுப் பாறையும் மாஸ்கோ சர்வகலாசாலையும்

திருக்கோவிலூருக்கு வரும் யாத்ரிகர்களில் பெரும்பாலோர், உலகளந்த பெருமாளின் தூக்கிய திருவடியைச் சேவித்துவிட்டு, முதலாழ்வார் மூவரும் ஒரு மழையிரவில் நெருக்கிக்கொண்டு நின்றதாகச் சொல்லப்படும் இடைகழியைப் பற்றி விசாரித்து அறிந்துகொண்டு, பொழுதிருந்தால் கீழையூர் வீரட்டானேசுவரரையும் தரிசித்துவிட்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். தென்பெண்ணையின் மணற்பரப்பில் தனித்து நிற்கும் ஒரு பாறையையும் அதன் உச்சியிலுள்ள சிறு கோயிலையும் பார்ப்பதற்கென்று ஆற்றில் இறங்குகிறவர்கள் சிலரே. ஊரார் அதைக் கபிலர் குன்று என்கிறோம். பறம்பு மலைக்கு அதிபதியான பாரி, மூவேந்தரின் பகைக்கு இரையாகி மாண்ட பிறகு, அவனுடைய ஆப்த நண்பரும் புலவருமான கபிலர், தந்தையை இழந்த பெண்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு வாசல் வாசலாக ஏறி இறங்கி, கடைசியில் மலையமானுடைய நாடாகிய இவ்விடத்துக்கு வந்து, தம் கடமை தீர்ந்தது என்று கண்டதும் உயிரை விட்டார் என்பது நாங்கள் பாட்டி சொல்லக் கேட்ட கதை. வடக்கிருந்து மாண்டார் என்பது வழக்கு. தீயில் புகுந்தார் என்று வீரட்டானேசுவரர் கோயிலிலுள்ள ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது.

ஓர் அரசு விழுந்தால் அதன் சேனை என்ன ஆயிற்று, பொக்கிஷம் யார் கைக்குப் போயிற்று என்பதையெல்லாம் சரித்திரக்காரர்கள் குறித்துவைத்து விடுகிறார்கள். அந்த அரசின் சோற்றை உண்டு வித்தை வளர்த்தவன் என்ன ஆனான் என்பதைப் பெரும்பாலும் யாரும் குறிப்பதில்லை. எங்கள் ஊர் ஆறு அதற்கென்று ஒரு பாறையை வைத்துக்கொண்டிருப்பதாலோ என்னவோ, அந்தக் கரையில் உட்காரும்போதெல்லாம் எனக்கு 1991ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் தேதி இரவு, கிரெம்ளின் மாளிகையின் மேலிருந்து செங்கொடி இறக்கப்பட்ட சமயத்தில், அந்த விசாலமான தேசத்தின் நூற்றுக்கணக்கான கல்விச்சாலைகளில் மறுநாள் காலை வகுப்பு எடுக்க வேண்டியிருந்த உபாத்தியாயர்கள் எதை எண்ணிக்கொண்டு படுத்திருப்பார்கள் என்ற யோசனை வருகிறது.

பழைய கதை இப்போது எதற்கு என்று வாசகர் கேட்கலாம். கள்ளக்குறிச்சியிலும் விழுப்புரத்திலும், ஏன், எங்கள் சின்ன ஊரிலுங்கூட, குறைந்த செலவில் வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். என்று அச்சிட்ட பிளெக்ஸ் தட்டிகளைப் பார்க்காமல் கடைத்தெருவில் நடக்க முடிவதில்லை. அந்தத் தட்டிகளில் காணும் ஊர்ப் பெயர்களில் பெரும்பாலானவை ஒரு காலத்தில் சோவியத் யூனியன் என்ற ஒரே குடையின் கீழ் இருந்தவை. எங்கள் தெருவிலேயே ஒரு குடும்பத்தில், நீட் தேர்வை இரண்டு முறை எழுதியும் உள்ளூரில் இடம் அகப்படாத ஒரு பெண்ணை ருஷியாவுக்கு அனுப்புவதென்று தீர்மானித்து, ஏரிக்கரை நிலத்தில் ஒரு பகுதியை விலை பேசியும் விட்டார்கள். அவளுடைய தகப்பனார் என்னிடம் யோசனை கேட்க வந்தபோது இரண்டே கேள்விகள் கேட்டார்: அங்கே படித்தால் இங்கே செல்லுமா, கட்டணம் நடுவில் ஏறுமா? அந்தக் கல்லூரி எப்படிப்பட்ட சரித்திரத்தின் வழியாக நம் கடைத்தெருத் தட்டிக்கு வந்து சேர்ந்தது என்பதை அவர் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. ஆனால் அவர் கவலைப்பட்ட அந்த இரண்டு கேள்விகளும் அந்தச் சரித்திரத்திலிருந்தே பிறந்தவை என்பது என் அபிப்பிராயம்.

என் தலைமுறைக்காரர்களுக்கு ருஷியா என்பது முதலில் ஒரு புத்தக வாசனை. நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தார் கொண்டுவந்து பரப்பிய சோவியத் பிரசுரங்கள், வழவழப்பான தாளும் கெட்டி அட்டையுமாக, ஒரு வேளை பலகாரத்தின் விலைக்குக் கிடைத்தன; பெரெல்மான் எழுதிய பௌதிக நூலையும், ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம், நா. தர்மராஜன் போன்றவர்கள் தமிழாக்கிய ருஷிய நவீனங்களையும் பெண்ணையாற்று மணலில் மல்லாந்து படித்தவர்கள் இந்தத் தாலுகாவில் ஒருவர் இருவர் அல்ல. அந்த நாட்டுக்குப் போய்ப் படிக்கும் பாக்கியமும் சிலருக்கு வாய்த்தது. 1960ஆம் ஆண்டில் மாஸ்கோவில் மக்கள் நட்புறவுச் சர்வகலாசாலை தொடங்கப்பட்டு, மறு வருஷமே கொலையுண்ட காங்கோ தலைவர் பத்ரிஸ் லுமும்பாவின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க தேசங்களின் ஏழைப் பிள்ளைகளுக்குச் சம்பளமில்லாமல் கல்வியும், கைச்செலவுக்கு மாதாமாதம் ஒரு தொகையும், தங்க இடமும், முதல் வருஷம் முழுவதும் ருஷிய பாஷைப் பயிற்சியும் அளிப்பது அதன் ஏற்பாடு. சிபாரிசு வேண்டும் என்பது உண்மை. கட்சிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் நட்புறவுக் கழகங்களில் செல்வாக்குள்ளவர்களின் பிள்ளைகளுக்கும் கதவு சற்று அகலமாகத் திறந்தது என்பதும் உண்மைதான். ஆயினும் நிலத்தை விற்றுவிட்டு யாரும் போகவில்லை.

இப்படிச் சொல்வதால் நான் அந்தக் காலத்துக்காகக் கண்ணீர் விடுகிறவன் என்று யாரும் எண்ணிவிடக்கூடாது. அந்த அரசு வித்தைக்காரர்களை எப்படி நடத்தியது என்பதற்கு நம் தமிழே சாட்சி. அலெக்ஸாந்தர் மெர்வார்ட் என்ற அறிஞர், தம் மனைவி லுத்மிலாவுடன் 1914 முதல் 1918 வரை இலங்கையிலும் இந்தியாவிலும் தங்கி, நம் மக்களோடு பழகி, நம் பாஷையைக் கற்றுக்கொண்டு திரும்பி, லெனின்கிராடில் தமிழ் போதித்து, 1929ஆம் ஆண்டில் பேச்சுத் தமிழுக்கு ஓர் இலக்கணமும் ருஷிய மொழியில் வெளியிட்டார். அதற்கு அடுத்த வருஷம், விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த அறிஞர் பலரைச் சதிகாரர் என்று பிடித்து உள்ளே தள்ளிய வழக்கில் அவரையும் சேர்த்து, வடக்கே கடுங்குளிர்ப் பிரதேசத்து முகாமுக்கு அனுப்பினார்கள். 1932ஆம் ஆண்டில் அங்கேயே மடிந்தார். நம்முடைய பேச்சு மொழிக்கு இலக்கணம் எழுதிய ஒரு மனிதர் பனியில் புதைந்தார் என்பது நம்மில் எத்தனை தமிழாசிரியர்களுக்குத் தெரியும்?

பிற்காலத்தில் கொலை நின்றது. கழுத்தைப் பிடிப்பது நிற்கவில்லை. அலெக்ஸாந்தர் பியாதிகோர்ஸ்கி என்பவரும் ருதின் என்பவரும் சேர்ந்து 1960ஆம் ஆண்டில் ஏறக்குறைய 38,000 சொற்கள் கொண்ட தமிழ்-ருஷிய அகராதி ஒன்றை மாஸ்கோவில் வெளியிட்டார்கள். அதே காலத்தில் யூரி கிளாஸோவ் திருக்குறளைக் கிருஷ்ணமூர்த்தி என்பவருடன் சேர்ந்தும், சிலப்பதிகாரத்தைத் தனியாகவும் ருஷிய மொழியாக்கினார். அரசை எதிர்த்துக் கையெழுத்திட்ட குற்றத்துக்காகக் கிளாஸோவ் 1968ஆம் ஆண்டில் உத்தியோகம் இழந்து, 1972இல் தேசத்தை விட்டே போனார். பியாதிகோர்ஸ்கி 1974இல் புறப்பட்டு லண்டனில் ஆசிரியரானார். செக்கோஸ்லோவாகியாவில் 1968ஆம் ஆண்டு சோவியத் டாங்கிகள் நுழைந்தபோது ப்ராக் நகரை விட்டுப் புறப்பட்ட குடும்பங்களில் கமில் சுவெலபில் என்ற தமிழறிஞரின் குடும்பமும் ஒன்று. ஆகவே அந்த அரசு விழுந்தபோது அதன் கல்விச்சாலைகளுக்கு விடுதலை கிட்டியது என்று சொன்னால், அந்த வார்த்தையில் மிகை ஏதும் இல்லை என்றே நான் ஒப்புக்கொள்வேன்.

அந்த விடுதலை வந்த விதத்தைச் சற்று விஸ்தாரமாகப் பார்க்கவேண்டும். முதலில் மாறியவை பெயர்ப் பலகைகள். ஜெர்மனியில் லைப்ஸிக் சர்வகலாசாலை 1953 முதல் தாங்கியிருந்த கார்ல் மார்க்ஸ் பெயரை 1991இல் கழற்றி வைத்தது. மாஸ்கோவின் நட்புறவுச் சர்வகலாசாலை 1992இல் லுமும்பாவின் பெயரை விட்டுவிட்டு ருஷியாவின் பெயரை முன்னால் சேர்த்துக்கொண்டது. எஸ்டோனியாவின் தார்த்து நகரில், 1632இல் அந்தச் சர்வகலாசாலையை ஸ்தாபித்த ஸ்வீடன் அரசர் குஸ்தாவ் அடால்ஃபின் சிலையை 1950இல் எடுத்து எறிந்திருந்தார்கள். 1992இல் இன்றைய ஸ்வீடன் அரசரே வந்திருக்க, புதிதாக ஒன்றை வார்த்து அதே இடத்தில் நிறுத்தினார்கள். கீவ் நகரில் 1817இல் மூடப்பட்ட மொகிலா கல்விச்சாலை, நூற்றெழுபது வருஷத் தூக்கத்திலிருந்து விழித்தெழுந்து மறுபடி மாணவர்களைச் சேர்த்தது. சிலைகளின் ஜாதகமும் மனிதர்களின் ஜாதகத்தைப் போலத்தான் இருக்கிறது.

பலகைக்கு அடுத்தபடி பாடம். சோவியத் சர்வகலாசாலையில் பௌதிகம் படிப்பவனாயினும், மாட்டு வைத்தியம் படிப்பவனாயினும், கட்சியின் சரித்திரம், மார்க்ஸியத் தத்துவம், விஞ்ஞான கம்யூனிஸம் என்ற பாடங்களைப் படித்துத் தேறியே ஆகவேண்டும். இவற்றைப் போதிப்பதற்கென்றே ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு பெரும் ஆசிரியர் படை இருந்தது. அரசு போனதும் இந்தப் படை கலையும் என்று வெளியிலிருந்து பார்த்தவர்கள் நினைத்தார்கள். ருஷியாவில் நடந்ததோ வேறு. விஞ்ஞான கம்யூனிஸத் துறையின் வாசலில் அரசியல் விஞ்ஞானம் என்ற பலகை ஏறியது. கட்சிச் சரித்திரத் துறை தாய்நாட்டுச் சரித்திரத் துறையாயிற்று. விஞ்ஞான நாஸ்திகம் போதித்தவர்கள் மதங்களைப் பற்றிய ஆராய்ச்சித் துறையினராகி, எந்தத் தெய்வம் இல்லையென்று முப்பது வருஷம் நிரூபித்தார்களோ அந்தத் தெய்வத்தின் வரலாற்றைக் கண்ணியத்தோடு விளக்கத் தொடங்கினார்கள். சிரிக்கத் தோன்றுகிறது, ஆனால் நாற்பத்தைந்து வயதில் வீட்டையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் வேறென்ன செய்வான் என்று எண்ணும்போது சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. அத்தனை பேரும் கபிலராக முடியுமா?

கிழக்கு ஜெர்மனியில் மட்டும் வேறு வழியைக் கையாண்டார்கள். அங்கே விழுந்த அரசுக்குப் பக்கத்திலேயே, அதே பாஷை பேசும் பணக்கார அரசு ஒன்று வாரிசாகக் காத்திருந்தது. பெர்லின் ஹம்போல்ட் சர்வகலாசாலையில் சட்டம், சரித்திரம், தத்துவம், பொருளாதாரம், கல்வியியல் ஆகிய பகுதிகளைக் கலைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதென்று 1990 டிசம்பரில் நகர அரசு தீர்மானித்தது. மாணவர்கள் கிளர்ச்சி செய்தார்கள். நீதிமன்றம் அந்த முறை சட்டப்படி செல்லாது என்றது. ஆயினும் ஒவ்வோர் ஆசிரியரின் யோக்கியதையையும், அவர் ரகசியப் போலீஸுக்கு ஒற்றராயிருந்தாரா என்பதையும் தனித்தனியே விசாரிக்கும் காரியம் நடந்துகொண்டே இருந்தது. சுதந்திரமான தேர்தலில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த ஹைன்ரிஷ் ஃபிங்க் என்ற இறையியல் பேராசிரியரே, ஒற்றராயிருந்தார் என்ற குற்றச்சாட்டின் பேரில் 1991 நவம்பரில் நீக்கப்பட்டார். காலியான ஸ்தானங்களில் பலவற்றுக்கு மேற்கிலிருந்து ஆட்கள் வந்து அமர்ந்தார்கள். ருஷியாவில் ஒருவரையும் விசாரிக்கவில்லை. ஜெர்மனியில் எல்லோரையும் விசாரித்தார்கள். எது நியாயம் என்று என்னைக் கேட்டால், விசாரிக்கத்தான் வேண்டும், ஆனால் விசாரிப்பவன் வந்தேறியாக இருக்கக்கூடாது என்பேன். அது எங்கே நடந்தது என்று திருப்பிக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

ஆனால் பலகையையும் பாடத்தையும் ஆளையும் பற்றி இவ்வளவு பேசுவதற்குள் ஒரு முக்கியமான சங்கதி நம் கண்ணுக்குத் தப்பிவிடப் பார்க்கிறது. மாதச் சம்பளம் யார் கொடுப்பது? 1992 ஜனவரியில் ருஷியாவில் விலைவாசிக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. அந்த ஒரே வருஷத்தில் பண்டங்களின் விலை இருபது மடங்குக்கு மேல் ஏறியது. பேராசிரியரின் சம்பளம் மட்டும் பழைய கணக்கில், அதுவும் மாதங்கள் தவறி வந்தது. அமெரிக்கச் செல்வந்தர் ஜார்ஜ் ஸோரோஸ் பத்துக் கோடி டாலரில் ஒரு நிதி ஏற்படுத்தி, பல்லாயிரம் விஞ்ஞானிகளுக்கு ஆளுக்கு 500 டாலர் அவசர உதவியாகக் கொடுத்தபோது, அந்தத் தொகை அவர்களுடைய ஒரு வருஷச் சம்பளத்தையும் மிஞ்சியிருந்தது என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். அதுவும் இயற்கை விஞ்ஞானிகளுக்கு. சமஸ்கிருதமோ தமிழோ கற்பித்தவர்களை அந்த உதவி எட்டவில்லை. கணித மேதைகள் அமெரிக்காவுக்கும் இஸ்ரேலுக்கும் கப்பலேறினார்கள். மொழிபெயர்க்கத் தெரிந்தவர்கள் வியாபாரிகளிடம் போனார்கள். போக இடமில்லாதவர்கள் இருந்த இடத்திலேயே இருந்து கற்பித்தார்கள்.

அப்படிக் கற்பித்தவர்களுக்குப் பணம் வரும் வழி ஒன்றே ஒன்றுதான் திறந்திருந்தது. அது மாணவனின் பை. அரசின் செலவில் படிக்கும் மாணவர்களோடு, கட்டணம் செலுத்திப் படிக்கும் மாணவர்களையும் சேர்த்துக்கொள்ள 1992ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இடங்கொடுத்தது. தனியார் கல்லூரிகள் முளைத்தன. ஐந்நூற்றுச் சொச்சமாக இருந்த உயர்கல்வி நிலையங்கள் இருபது வருஷத்துக்குள் ஆயிரத்தைத் தாண்டின. போலந்திலோ 1990இல் ஏறக்குறைய நான்கு லட்சமாக இருந்த மாணவர் தொகை, 2005 வாக்கில் இருபது லட்சத்தை நெருங்கியது. ஒரே பேராசிரியர் திங்கட்கிழமை ஓர் ஊரிலும் வியாழக்கிழமை வேறோர் ஊரிலும் ரயிலில் ஓடி ஓடி வகுப்பெடுத்தார். அதுவரை சர்வகலாசாலையின் வாசலை மிதியாத லட்சக்கணக்கான குடும்பங்கள் அதனால் பட்டம் பெற்றன என்பதை மறுப்பது அநியாயம். கட்டணம் யார் கொடுக்கிறார்களோ அவர்கள் விரும்பும் பாடமே, அதாவது வியாபார நிர்வாகமும் சட்டமும் கணக்கு வழக்குமே, எங்கும் பெருகியது என்பதையும் மறுப்பதற்கில்லை.

சோவியத் முறையில் வைத்தியக் கல்லூரிகள் சர்வகலாசாலைகளோடு சேராமல், சுகாதார மந்திரியின் கீழ்த் தனி நிலையங்களாக இருந்தன. அரசு விழுந்த பின் அவை முதலில் அகாடமி என்றும் பிறகு சர்வகலாசாலை என்றும் பெயரை உயர்த்திக்கொண்டன. உள்நாட்டு மாணவனிடம் வாங்கக்கூடிய கட்டணம் போதாதபோது அவை வெளிநாட்டு மாணவனை நாடின. முன்பு ஒரு வருஷம் முழுவதும் ருஷிய மொழி படித்த பிறகே வகுப்புக்குள் விட்டவர்கள், பின்னால் இங்கிலீஷிலேயே பாடம் சொல்கிறோம் என்று அழைத்தார்கள். நம் தேசமும் 2002 முதல் அங்கே படித்து வருபவர்களுக்குத் தனியாகப் பரீட்சை வைத்தது. 2021ஆம் ஆண்டு விதிகளின்படி 54 மாதப் படிப்பும் இங்கிலீஷ் போதனையும் கட்டாயமாயின. "இங்கே செல்லுமா" என்று எங்கள் தெருக்காரர் கேட்டாரே, அந்தச் சந்தேகம் பிறந்த இடம் இது. லுமும்பாவின் பெயரால் படித்துத் திரும்பியவனிடம் அன்று யாரும் அதைக் கேட்டதில்லை. 2022 பிப்ரவரியில் உக்ரைனில் யுத்தம் மூண்டபோது, ஏறத்தாழ 18,000 இந்தியர்களை, பெரும்பாலும் வைத்திய மாணவர்களை, விமானங்களில் அள்ளிக்கொண்டுவர நேர்ந்ததே, அவர்கள் ஏன் அங்கே இருந்தார்கள் என்று அன்று பலர் ஆச்சரியப்பட்டார்கள். 1991இல் நின்றுபோன ஒரு சம்பளப் பட்டியலின் மறுமுனையில் அவர்கள் நின்றார்கள். யுத்தம் மூண்ட அந்த 2022ஆம் வருஷமே ஜனவரி 12ஆம் தேதி, கள்ளக்குறிச்சி உட்பட பதினோர் அரசு வைத்தியக் கல்லூரிகள் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்துவைக்கப்பட்டன. ஆயினும் தட்டிகள் குறையவில்லை.

இனித்தான் நான் சொல்ல வந்த விஷயம். ஒரு சர்வகலாசாலை உண்மையில் எப்படி மாறியது என்று அறிய வேண்டுமானால், அதன் பெயர்ப் பலகையையும் வருமானம் தரும் துறைகளையும் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. ஒரு காசும் சம்பாதிக்காத துறைக்கு என்ன நேர்ந்தது என்று பார்க்கவேண்டும். அந்தப் பரீட்சைக்கு நமக்கு மிக அருகிலுள்ள உதாரணம் நம் தமிழ். கம்யூனிஸ்ட் அரசுகள் தமிழை வளர்த்ததற்கு அன்பு மாத்திரம் காரணமல்ல; இந்தியாவோடு சிநேகம், வானொலி, புத்தகப் பிரசாரம் என்ற ராஜாங்கத் தேவைகள் இருந்தன. தேவை போனது, மாஸ்கோவில் தமிழ்ப் புத்தகம் அச்சிட்ட முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ்ப் பகுதியும் போனது. ஆனால் ஆசியா ஆப்பிரிக்கா நாடுகளுக்கான கல்வி நிலையத்தில் அலெக்ஸாந்தர் துபியான்ஸ்கி இருந்தார். 1941இல் பிறந்த அவர், சோவியத் அரசின் கீழும் அதன் பின்னும், ஒரு கையின் விரலுக்குள் எண்ணத்தக்க மாணவர்களுக்குச் சங்க இலக்கியம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தார். பழந்தமிழ்க் கவிதையின் சடங்கு, தொன்ம மூலங்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1989இல் ருஷிய மொழியிலும் 2000இல் இங்கிலீஷிலும் வெளிவந்தது. 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டுக்கு வந்தபோது அவருடைய தமிழைக் கேட்டு நம்மவர்கள் வியந்தார்கள். 2020 நவம்பரில் கொரோனா அவரைக் கொண்டுபோயிற்று. ப்ராக் நகரின் சார்ல்ஸ் சர்வகலாசாலையில் யாரோஸ்லாவ் வாசெக் என்பவர் இதே மாதிரி, அரசு மாறுவதற்கு முன்னும் பின்னும், 2017இல் மறையும் வரை தமிழைக் காத்தார்.

கவனித்தால், இவை இரண்டும் மனிதர்களின் கதை. நிலையத்தின் கதை அல்ல. அரசு தாங்கியபோதும் தமிழ் ஓர் ஆள் பலத்தில் நின்றது. அரசு கைவிட்டபோதும் ஓர் ஆள் பலத்திலேயே நின்றது. ஆள் போனபின் என்ன ஆகும் என்பதற்கு எந்த ஏற்பாடும் இல்லை. இதற்கு நேர்மாறான ஓர் உதாரணமும் உண்டு. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்திறங்கிய சீகன்பால்கின் பின்னால் ஆதரவாக நின்றது கிழக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலுள்ள ஃபிராங்கே ஸ்தாபனம். அவரும் அவர் வழி வந்தவர்களும் அனுப்பிய தமிழ் ஓலைச் சுவடிகள் அங்கே பாதுகாக்கப்பட்டு வருகின்றன. 1946இல் அந்த ஸ்தாபனம் தனித்தன்மையை இழந்து, சர்வகலாசாலையோடு சேர்க்கப்பட்டு, கட்டிடங்கள் பாழடையும் நிலைக்கு வந்தன. அரசு விழுந்ததும் மறுபடி சுயேச்சையான ஸ்தாபனமாக்கி, 1992 முதல் பௌல் ராபே என்ற நூலக அறிஞரின் தலைமையில், கூரையிலிருந்து ஒவ்வொன்றாகச் செப்பனிட்டார்கள். பொது நிதியும் தனியார் நன்கொடையும் சேர்ந்தன. நம் ஓலைகள் பிழைத்ததற்கு அங்கே ஒரு பொக்கிஷமும் ஒரு நிர்வாகமும் அகப்பட்டது காரணம். மாஸ்கோவில் துபியான்ஸ்கிக்கு அவ்விரண்டில் ஒன்றும் வாய்க்கவில்லை.

நம் வீட்டுக் கதையையும் சற்றே தொடாமல் போவது நேர்மையாகாது. எங்கள் கள்ளக்குறிச்சி ஜில்லாவின் கலைக் கல்லூரிகள் வேலூரிலுள்ள திருவள்ளுவர் சர்வகலாசாலையின் கீழ் இருந்தன. 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விழுப்புரத்தில் ஒரு புதிய சர்வகலாசாலை அமைக்கச் சட்டம் வந்தது. அதே வருஷம் மே மாதத்தில் ஆட்சி மாற, ஆகஸ்டில் அதை அண்ணாமலையோடு இணைக்கும் மசோதா சட்டசபையில் நிறைவேறியது. இன்று எங்கள் பிள்ளைகள் அண்ணாமலைச் சர்வகலாசாலைக்குக் கட்டணம் கட்டுகிறார்கள். ஆட்சி விழுவதும் எழுவதும் இங்கே வாக்குச் சீட்டால் நடக்கிறது, ரத்தமில்லை, முகாமில்லை, அந்த மட்டில் நாம் பாக்கியசாலிகள். ஆனால் பலகை மாற்றும் சுறுசுறுப்பு நமக்கும் குறைவில்லை. 1929இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் ஸ்தாபித்த அந்தச் சர்வகலாசாலையே, பணமுடையும் தேவைக்கு மிஞ்சிய ஆட்களுமாகத் தத்தளித்து, 2013இல் அரசின் கைக்கு வந்து, உபரி ஆசிரியர்கள் மாநிலமெங்குமுள்ள கல்லூரிகளுக்கு அனுப்பப்பட்டதை நாம் கண்டோம். கட்டணத்தை நம்பி வீங்கிய உடம்பு ஒரு நாள் அரசின் வாசலில் வந்து விழத்தான் செய்யும் என்பதற்கு மாஸ்கோ வரை போகவேண்டியதில்லை.

ஆகையால் என் யோசனை மிகச் சிறியது. ஹார்வர்டில் தமிழ் இருக்கை அமைக்க உலகெங்குமுள்ள தமிழர்கள் சேர்ந்து 60 லட்சம் டாலர் திரட்டினோம். அதில் தமிழக அரசு பத்துக் கோடி ரூபாய் கொடுத்தது. ஜெர்மனியின் கொலோன் நகரில், எந்த அரசும் விழாமலே, சிக்கனம் என்ற பெயரால் தமிழ் மூடப்படும் நிலை வந்தபோதும் நம் அரசு கைகொடுத்தது. மிகப் பணக்காரச் சர்வகலாசாலைக்குக் கோடிகள் கொடுக்கத் தெரிந்த நாம், நம் பேச்சு மொழிக்கு இலக்கணம் எழுதிய ஒருவரை முகாமுக்குப் பறிகொடுத்த, அன்று லெனின்கிராட் எனப்பட்ட நகரிலும், இருவர் நாடிழந்த மாஸ்கோவிலும், போலந்தின் வார்சாவிலும், ப்ராகிலும், ஓர் ஆசிரியரின் வருஷச் சம்பளத்தை நிரந்தரமாக ஏற்றுக்கொள்ள முடியாதா? இப்போது யுத்தகாலம், பணம் அனுப்புவதில் தடைகள் உண்டு, ருஷியாவின் சர்வகலாசாலைகள் 2003இல் சேர்ந்த ஐரோப்பியக் கல்வி ஒப்பந்தத்தை விட்டு 2022இல் விலகி, பழைய முறைகளுக்கே திரும்பிக்கொண்டிருக்கின்றன, நட்புறவுச் சர்வகலாசாலை 2023இல் லுமும்பாவின் பெயரைத் தேடி எடுத்து மறுபடி சூட்டிக்கொண்டுவிட்டது. தடையில்லாத ப்ராகிலும் வார்சாவிலும் முதலில் தொடங்கலாம். அந்தப் பணத்தை எப்படிக் கொடுப்பது என்பதிலும் ஜாக்கிரதை வேண்டும்: அங்கே எந்த ஆட்சி வந்தாலும், இங்கே எந்த ஆட்சி வந்தாலும், வருஷந்தோறும் போய்ச் சேரும்படி ஓர் அறக்கட்டளையாக எழுதிவைக்கவேண்டும். கோயில் விளக்குக்கு நெய் வார்க்க ஆடுகளை விட்டுவைத்து, சந்திராதித்தர் உள்ளவரை என்று கல்லில் வெட்டிய நம் முன்னோர்கள், அரசர்கள் மாறுவார்கள் என்பதைத் தெரிந்துகொண்டுதான் அப்படிச் செய்தார்கள்.

எங்கள் தெருப் பெண் ஆவணி மாதக் கடைசியில் புறப்பட்டாள். புறப்படுவதற்கு முந்தைய நாள் சொல்லிக்கொள்ள வந்தவளிடம், வாலிப வயதில் ஒரு பழைய புத்தகக் கடையில் நான் வாங்கி வைத்திருந்த அந்த 1960ஆம் வருஷத்துத் தமிழ்-ருஷிய அகராதியை எடுத்துக் கொடுத்தேன். முதுகு கிழிந்து, ஓரங்கள் பழுத்திருந்தது. இணையத்தில் ருஷிய எழுத்துக்களை மட்டும் கற்றுக்கொண்டிருந்த அவள், திண்ணையில் உட்கார்ந்து, பக்கங்களைப் புரட்டி, 'கா' வரிசையைத் தேடிப் பிடித்து, காய்ச்சல் என்ற சொல்லின் மேல் விரலை வைத்துக்கொண்டு, எதிரே இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தாள்: லி-ஹ-ராத்-கா. சரியா தாத்தா என்று கேட்டாள். எனக்கு ருஷிய மொழி தெரியாது.